கமிஷன்: சொல்லும் கணக்கும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியை இறக்குபவரும், நிலக்கோட்டையில் மல்லிகைப் பையை நிறுவைக்கு வைப்பவரும், திண்டுக்கல்லில் சின்ன வெங்காய மூட்டையை அவிழ்ப்பவரும் தவறாமல் சொல்லும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது 'கமிஷன்' என்பதாகும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட, "கமிசன் போக கைக்கு எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்கிறார். அந்த அளவுக்கு அது நம் ஊர்ச் சொல்லாகிவிட்டது.

ஆனால் இந்த ஒரே சொல்லை நாம் பல வெவ்வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். சரக்கு விற்றுக் கொடுத்தவருக்குத் தரும் கூலியும் கமிஷன்தான், தரகும் கமிஷன்தான், உரக்கடைக்காரரின் லாபமும் கமிஷன்தான், மேசைக்கு அடியில் கைமாறும் பணமும் கமிஷன்தான். இவற்றுக்கு ஒரே பெயர் இருப்பதால் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. எதை யார் கொடுக்க வேண்டும், எதற்காகக் கொடுக்க வேண்டும், கொடுத்தவருக்கு என்ன உரிமை என்பது ஒவ்வொன்றிலும் வேறுபடும். அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதால் ஒரு வெள்ளாமைக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகக் கூடும் என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லின் வேர்

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர்ப்பொருள் 'ஒப்படைத்தல்' என்பது. ஒருவர் தம் காரியத்தை மற்றொருவர் கையில் நம்பி ஒப்படைப்பதே கமிஷன். இதிலிருந்து மூன்று கிளைகள் பிரிந்தன. ஒப்படைக்கப்பட்ட வேலைக்கும் கமிஷன் என்று பெயர். அந்த வேலை ஒப்படைக்கப்பட்ட குழுவுக்கும் கமிஷன் என்று பெயர். அந்த வேலையைச் செய்ததற்கான கூலிக்கும் கமிஷன் என்று பெயர். நகராட்சிக் கமிஷனரும் கமிஷன் கடைக்காரரும் ஒரே வேரில் முளைத்தவர்கள் என்றால் வியப்பாக இருக்கலாம். முன்னவரிடம் ஊர் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பின்னவரிடம் உங்கள் தக்காளி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

'ஒப்படைத்தல்' என்ற இந்தப் பொருளை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் பின்னால் வருபவை யாவும் இதன்மேல்தான் நிற்கின்றன. ஒப்படைத்த பொருள் ஒப்படைத்தவருடையதே.

ராணுவத்தில் அதிகாரியாக நியமனம் பெறுவதையும் 'கமிஷன் பெற்றார்' என்பார்கள். புதிய மின் நிலையத்தையோ குடிநீர்த் திட்டத்தையோ இயக்கி வைப்பதற்கும் அதிகாரிகள் இச்சொல்லைச் சொல்வதுண்டு. சொட்டு நீர்ப் பாசனக் கருவிகளைப் பொருத்தி, தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டுவதைக் கம்பெனிக்காரர்கள் 'கமிஷனிங்' என்கிறார்கள். மதிப்பீட்டில் அச்சொல்லைக் கண்டு தரகுப் பணம் என்று எண்ண வேண்டாம். எல்லாச் சொட்டுவான்களிலும் தண்ணீர் வருகிறதா என்று கடைசி வரிசை வரை நடந்து பார்த்த பிறகே அந்த வேலை முடிந்ததாகக் கையெழுத்திட வேண்டும்.

விவசாயிக்காக அமைந்த கமிஷன்கள்

குழு என்ற பொருளில் வரும் கமிஷனைத் தமிழில் ஆணையம் என்கிறோம். விவசாயத்தோடு தொடர்புடைய மூன்றை மட்டும் இங்கே சொல்லலாம்.

முதலாவது, ஆங்கிலேயர் ஆட்சியில் 1926-ல் அமைக்கப்பட்ட ராயல் விவசாயக் கமிஷன். லின்லித்கோ பிரபு இதன் தலைவர். 1928-ல் அறிக்கை வந்தது. சந்தையில் குடியானவனிடம் பலவிதப் பிடித்தங்கள் செய்யப்படுவதையும், சரியான எடையும் கணக்கும் இல்லாததையும் கண்டு, சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாணத்தில் 1933-ல் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறக்கப்பட்டது. ஒரு கமிஷன் சொன்னதால்தான் இன்னொரு கமிஷனுக்குக் கடிவாளம் விழுந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பின்னர் 1959-லும் 1987-லும் புதிய சட்டங்கள் வந்தன. 1987-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்தான் விற்பனைக்குழுக்களும் விற்பனைக்கூடங்களும் இயங்கி வருகின்றன.

இரண்டாவது, குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் ஆணையம். 1965-ல் விவசாய விலைக் கமிஷன் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1985 முதல் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்று வழங்குகிறது. மூன்றாவது, எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் 2004-ல் அமைக்கப்பட்டு 2006-க்குள் ஐந்து அறிக்கைகள் அளித்த தேசிய விவசாயிகள் ஆணையம். உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது ஐம்பது சதவிகிதம் கூடுதலாக ஆதரவு விலை இருக்க வேண்டும் என்ற பரிந்துரையால் இது பெயர் பெற்றது. தக்காளி, வெங்காயம், முருங்கை, மல்லிகை போன்ற நம் மாவட்டத்துச் சரக்குகள் ஆதரவு விலைப் பட்டியலில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே நம் பக்கத்து விவசாயிக்கு டெல்லிக் கமிஷனைவிடப் பக்கத்து மார்க்கெட்டுக் கமிஷனே அன்றாடக் கவலை.

தரகர், வியாபாரி, கமிஷன் ஏஜெண்ட்

இம்மூவரையும் நாம் 'வியாபாரி' என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம். மூவரும் வேறு.

தரகர் என்பவர் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பவர். சரக்கு அவர் கைக்கு வருவதில்லை. பணமும் பெரும்பாலும் அவர் வழியாகப் போவதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுபவர் தரகர். பேரம் முடிந்தால் அவருக்குத் தரகு உண்டு. அத்துடன் அவர் வேலை முடிந்தது.

வியாபாரி என்பவர் உங்களிடம் விலை பேசிச் சரக்கைத் தமக்கே வாங்கிக்கொள்பவர். தோட்டத்துக்கே வந்து முருங்கைக்காயைக் கிலோ இன்ன விலை என்று எடுப்பவர் வியாபாரி. வாங்கிய பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் லாப நட்டம் அவருடையது. அவர் உங்களிடம் கமிஷன் கேட்க இடமே இல்லை. தம் சரக்கை வாங்குவதற்குத் தமக்கே கூலி கேட்பவர் எங்காவது உண்டா?

கமிஷன் ஏஜெண்ட் இவ்விருவருக்கும் இடைப்பட்டவர் அல்லர், தனி வகையினர். சரக்கைத் தம் கடையில் இறக்கி, உங்களுக்காக விற்று, பணத்தை வசூலித்து, தம் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களிடம் தருபவர். விற்பனை முடியும் வரை சரக்கு உங்களுடையது. விற்ற பணமும் உங்களுடையது. வடநாட்டில் இவரை அடத்தியா என்பார்கள். நம் பக்கம் கமிஷன் கடைக்காரர், மண்டிக்காரர் என்கிறோம்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஒரே ஆள் காலையில் கமிஷன் ஏஜெண்டாகவும் மதியத்தில் வியாபாரியாகவும் இருக்கிறார். உங்கள் வெண்டைக்காயைக் கிலோ 18 ரூபாய்க்கு 'விற்றதாக' எழுதிக் கமிஷன் பிடித்துக்கொண்டு, அதே காயைத் தாமே எடுத்துப் பாலக்காட்டுக்கோ திருச்சூருக்கோ 25 ரூபாய்க்கு அனுப்பினால், அவர் கூலியையும் லாபத்தையும் சேர்த்தே பெறுகிறார். எல்லாக் கடைக்காரரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் இது நடக்கக் கூடியது. ஆகவே யாருக்கு விற்றது என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

உரக்கடை, பூச்சிமருந்துக் கடைக்காரர் பெறுவது கமிஷன் அன்று. அது விற்பனை லாபம். தம் பணத்தில் வாங்கித் தம் சரக்கை அவர் விற்கிறார். எந்த மருந்தில் லாபம் அதிகமோ அதை எடுத்துத் தரும் ஆசை யாருக்கும் வரத்தான் செய்யும். அதனால்தான் நோயுற்ற இலையை வேளாண்மை அலுவலரிடம் காட்டி, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குச் செல்லுமாறு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கும் அடிக் கணக்கில் கமிஷன் உண்டு. நம் வறண்ட பாறை நிலத்தில் "இன்னும் நூறு அடி போட்டுப் பார்க்கலாம்" என்று ஊக்கப்படுத்துபவர் யார் என்பதைக் கவனிப்பது நல்லது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அவர் கமிஷன் அவருக்கு வந்துவிடும்.

நூற்றுக்கு எவ்வளவு?

இனிக் கணக்குக்கு வருவோம். காய்கறிக் கமிஷன் கடைக்குக் கடையும், சரக்குக்குச் சரக்கும் மாறுபடும். இங்கே நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம்.

கமிஷன் மொத்த விலையின்மேல் கணக்கிடப்படுகிறது. உங்கள் கையில் மிஞ்சுவதன்மேல் அன்று. இந்த ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு விவசாயி 14 கிலோ கொண்ட தக்காளிப் பெட்டிகள் 40 கொண்டு வருகிறார் என்போம். பெட்டிக்குப் பறிகூலி 25 ரூபாய், வண்டி வாடகை 15 ரூபாய், இறக்குகூலி 10 ரூபாய். ஆக, பெட்டிக்கு 50 ரூபாய் வீதம் 2,000 ரூபாய் செலவு. இச்செலவு விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பெட்டி 200 ரூபாய்க்கு விற்றால்: மொத்தம் 8,000. கமிஷன் 800. செலவு 2,000. மீதி 5,200.

பெட்டி 100 ரூபாய்க்கு விற்றால்: மொத்தம் 4,000. கமிஷன் 400. செலவு 2,000. மீதி 1,600.

பெட்டி 60 ரூபாய்க்கு விற்றால்: மொத்தம் 2,400. கமிஷன் 240. செலவு 2,000. மீதி 160.

பெட்டி 50 ரூபாய்க்கு விற்றால்: மொத்தம் 2,000. கமிஷன் 200. செலவு 2,000. கைநட்டம் 200.

நல்ல விலையில் விவசாயிக்கு 5,200 கிடைக்கும்போது கமிஷன் கடைக்கு 800 போகிறது. அது மிஞ்சியதில் சுமார் ஆறில் ஒரு பங்கு. விலை பாதியானதும் மிஞ்சியதில் கால் பங்கு. பெட்டி 60 ரூபாய்க்கு வந்ததும், நாற்று நட்டுத் தண்ணீர் பாய்ச்சியவருக்கு 160 ரூபாய், விற்றுக் கொடுத்தவருக்கு 240 ரூபாய். அதற்கும் கீழே போனால் விவசாயி கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. கமிஷன் மட்டும் நிற்கவில்லை. நாற்று, உரம், மருந்து, கம்பு கட்டிய செலவு எதையும் இக்கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். தக்காளியைப் பறிக்காமல் மாட்டை விட்டு மேய்க்கும் நிலை ஏன் வருகிறது என்பது இப்போது விளங்கும்.

விலை வீழ்ந்த நாட்களில் சதவிகிதக் கமிஷனைவிடப் பெட்டிக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம் நல்லதா என்று சிலர் கேட்பதுண்டு. நல்லதன்று. பெட்டிக்கு 15 ரூபாய் என்று பேசியிருந்தால், விலை 60 ஆனபோது கமிஷன் 600 ரூபாயாகி நட்டம் இன்னும் கூடியிருக்கும். மேலும் சதவிகிதக் கமிஷனில், அதிக விலைக்கு விற்றால் ஏஜெண்டுக்கும் ஆதாயம் என்ற ஓர் ஊக்கம் இருக்கிறது. ஆகவே பேச வேண்டியது முறையைப் பற்றி அன்று, வீதத்தைப் பற்றி. பத்துக்குப் பதில் எட்டு என்றால், 8,000 ரூபாய்ச் சரக்கில் 160 ரூபாய் மிச்சம். பருவம் முழுவதற்கும் இருபது நடை என்று பெருக்கிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

முன்பணமும் கமிஷனும்

பலருக்கு இங்கேதான் கட்டு விழுகிறது. நடவுக்கு முன் கமிஷன் கடையில் முன்பணம் வாங்குகிறோம். வட்டி இல்லை என்கிறார்கள். சரக்கை அந்தக் கடைக்கே கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

20,000 ரூபாய் முன்பணம் வாங்கியவர் நான்கு மாதத்தில் 5,000 கிலோ சரக்கைக் கிலோ 20 ரூபாய் வீதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். கடன்பட்டதால் எட்டு சதவிகிதத்துக்குப் பதில் பத்து சதவிகிதம் பிடித்தால் 2,000 ரூபாய் கூடுதல். அவரால் வேறு கடைக்குப் போக முடியாது என்று தெரிந்து கிலோவுக்கு ஐம்பது காசு மட்டும் குறைத்து விற்றால் 2,500 ரூபாய் போகிறது. ஆக 4,500 ரூபாய். முன்பணத்தை நான்கு மாத முடிவில் தீர்த்ததாக வைத்தால், இது ஆண்டுக்கு நூற்றுக்கு 67½ வட்டிக்குச் சமம். 'வட்டியில்லாக் கடன்' என்பதன் வட்டி இது! தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் திருப்பினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. சங்கத்துக்கு அடங்கலும் சிட்டாவும் கொண்டுபோவது அலைச்சல்தான். மண்டியில் கேட்டவுடன் பணம் எண்ணிக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அந்த அலைச்சலின் விலை 4,500 ரூபாயா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அதே சமயம் ஒன்றையும் மறுக்க முடியாது. நள்ளிரவில் வந்து இறங்கும் சரக்கை விடிவதற்குள் விற்று முடிப்பதும், கேரளத்திலிருந்து வாங்க வருவோரைப் பிடித்து வைத்திருப்பதும், அவர்கள் பாக்கி வைத்தாலும் விவசாயிக்குக் கைக்காசு கொடுப்பதும் எளிய வேலை அல்ல. மருத்துவச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் கை கொடுத்த கடைக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். கூலி கொடுப்பதில் தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவர் மற்றொருவருக்காகக் காரியம் செய்யும் உறவை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 182-ஆம் பிரிவு முதல் விளக்குகிறது. இச்சட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றாலும் நடைமுறையில் இருப்பது. வேலை ஒப்படைக்கப்பட்டவரை முகவர் என்று சொல்கிறோம். ஒப்படைத்தவர் நீங்கள், முகவர் கமிஷன் கடைக்காரர். சில பிரிவுகளின் சாரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

நீங்கள் சொன்னபடி முகவர் நடக்க வேண்டும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அவ்விடத்து வியாபார வழக்கப்படி நடக்க வேண்டும். மீறியதால் நட்டம் வந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டும் (பிரிவு 211). கேட்டால் முறையான கணக்குக் காட்ட வேண்டும் (பிரிவு 213). உங்களுக்குத் தெரியாமல் உங்கள் சரக்கில் தம் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் அவருக்குக் கிடைத்த ஆதாயத்தை நீங்கள் கேட்டுப் பெறலாம் (பிரிவு 216). மேலே சொன்ன 18 ரூபாய், 25 ரூபாய் வெண்டைக்காய்க் கதைக்கு இப்பிரிவே விடை. அவருக்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அவர் உங்களுக்குச் செலுத்த வேண்டும் (பிரிவுகள் 217, 218). ஒப்படைத்த வேலையில் முறைகேடு செய்தவருக்கு, முறைகேடு நடந்த அந்தப் பகுதிக்குக் கூலி பெறும் உரிமை இல்லை (பிரிவு 220).

திண்டுக்கல் மார்க்கெட்டில் விடியற்காலையில் இறக்குகூலிக்காரர் மூட்டையை இழுத்துக்கொண்டிருக்கும்போது சட்டப் பிரிவைச் சொல்லிச் சண்டை போடச் சொல்லவில்லை. மறுநாளும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் கணக்குக் கேட்பது உரிமை, தயவு அன்று என்பதைத் தெரிந்து கேட்பவரின் குரலே வேறாக இருக்கும்.

வாங்கியவர் பணம் தராவிட்டால் நட்டம் யாருக்கு? பொதுவாக, வாங்கியவர் ஏமாற்றினால் அதற்கு முகவர் பொறுப்பாளி ஆவதில்லை. பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் முகவருக்குத் தனிக் கூலி உண்டு; வணிகச் சட்டத்தில் அதை 'டெல் கிரெடரே' கமிஷன் என்று ஓர் இத்தாலியச் சொல்லால் குறிப்பார்கள். நம் கடைகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. "கேரளாப் பார்ட்டி இன்னும் பணம் போடலை, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும்போதுதான் சிக்கல் தெரிகிறது. பருவத்தின் தொடக்கத்திலேயே, "பணம் உங்கள் பொறுப்பா, பார்ட்டி பொறுப்பா?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டுவைக்க வேண்டும். 'எங்கள் பொறுப்பு' என்று சொல்பவர் பத்து கேட்டாலும், சொல்லாதவர் எட்டு கேட்பதைவிட அது மேலானதாக இருக்கலாம்.

சீட்டில் பார்க்க வேண்டியவை

விற்பனைச் சீட்டில் எடை, வீதம், மொத்தம், கமிஷன், கூலி, மீதி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். சில இடங்களில் கடைசித் தொகையை மட்டும் எழுதித் தருகிறார்கள். அது சீட்டு ஆகாது, துண்டுக் காகிதம்.

'கழிவு' என்ற சொல்லில் எச்சரிக்கை தேவை. புத்தகக் கடையில் கழிவு என்றால் விலைக் குறைப்பு. மார்க்கெட்டில் கழிவு என்றால் அழுகல், காம்பு, சாக்கு முதலியவற்றுக்காக எடையில் குறைப்பது. சிலர் கமிஷனையே கழிவு என்று எழுதுவதும் உண்டு. எடையில் ஒருமுறையும் விலையில் ஒருமுறையும் ஒரே பெயரில் குறைத்தால் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடுவோம். 100 கிலோவுக்கு 3 கிலோ எடைக் கழிவும், விலையில் பத்து சதவிகிதக் கமிஷனும் போனால், உண்மையில் நூற்றுக்குப் பன்னிரண்டே முக்கால் அளவுக்குப் போகிறது. வாழைத்தாருக்குக் காம்புக் கழிவு நியாயமானது. தெரிந்தெடுத்த கத்தரிக்காய்க்கு ஏன் என்று கேட்கலாம்.

மாதிரி என்று எடுக்கும் கைப்பிடிக் காய், மகமை, கோயில் நிதி போன்றவையும் சில இடங்களில் உண்டு. மகமை நல்ல காரியங்களுக்காக வணிகர்கள் தமக்குள் ஏற்படுத்திய பழைய ஏற்பாடு. அது வணிகர் கணக்கில் போக வேண்டியதா, விவசாயி கணக்கில் போக வேண்டியதா என்பதைக் கேட்பதில் பாவம் ஒன்றும் இல்லை. தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கவும். முத்திரையிடுவதும் சோதிப்பதும் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள அலுவலர்களின் பொறுப்பு. கமிஷனுக்கு மேல் சரக்கு மற்றும் சேவை வரி என்று யாராவது எழுதினால் ஏற்க வேண்டியதில்லை. பதப்படுத்தப்படாத வேளாண் விளைபொருளை விற்றுத் தரும் கமிஷன் ஏஜெண்டின் பணிக்கு 2017-ல் அவ்வரி வந்தபோதே விலக்கு அளிக்கப்பட்டது.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கடை, எடை, வீதம், பிடித்தம் என்று ஐந்து கட்டம் போட்டு வீட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். ஒரே நாளில் ஒரே சரக்கை இரண்டு கடையில் பாதி பாதியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது, எந்தச் சொற்பொழிவையும்விட நன்றாகப் பாடம் சொல்லும்.

கமிஷன் இல்லாத இடங்கள்

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் கமிஷனோ தரகோ பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணம் வாங்கும் வணிகரிடமிருந்து நூற்றுக்கு ஒன்று வீதம் வசூலிக்கப்படுகிறது. திண்டுக்கல், பழனி முதலிய ஊர்களில் இக்கூடங்கள் உள்ளன. பருத்தி, நிலக்கடலை, மக்காச்சோளம், கொப்பரை போன்ற காய்ந்த சரக்குகளுக்கு இவை மிகவும் ஏற்றவை. மறைமுக ஏலத்தில் வணிகர்கள் விலையை எழுதிப் பெட்டியில் போடுவதால், ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாது. விலை பிடிக்காவிட்டால் கிட்டங்கியில் இருப்பு வைத்து, அதன்மேல் பொருளீட்டுக் கடனும் பெறலாம். முன்பணத்துக்காக மண்டியை நம்பியிருப்பவர்களுக்கு இது ஒரு மாற்று வழி. 2016-ல் தொடங்கிய மின்னணுத் தேசிய வேளாண் சந்தையிலும் தமிழ்நாட்டின் பல விற்பனைக்கூடங்கள் இணைந்துள்ளன.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. திண்டுக்கல்லிலும் பழனியிலும் உண்டு. புகைப்பட அடையாள அட்டை பெற்ற விவசாயி நேரடியாக விற்கலாம். கமிஷனும் இல்லை, கடை வாடகையும் இல்லை. ஆனால் கிலோக் கணக்கில் சில்லறையாக விற்க வேண்டும். காலை நேரம் முழுவதும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐம்பது பெட்டித் தக்காளியை அங்கே தள்ள முடியாது. கீரை, கொத்தவரை, அவரை என்று கொஞ்சம் கொஞ்சமாக விளைவிப்பவருக்கும், வீட்டில் ஓர் ஆள் ஓய்வாக இருப்பவருக்கும் அது பொருந்தும். மொத்தச் சரக்குக்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ குழுவாகவோ சேர்ந்து, ஐந்தாறு பேர் சரக்கை ஒரே வண்டியில் ஏற்றி, கமிஷன் வீதத்தைச் சேர்ந்து பேசுவது நடைமுறைக்கு ஏற்றது. நாற்பது பெட்டிக்காரருக்கு இறங்காத வீதம் இருநூறு பெட்டிக்காரருக்கு இறங்கும்.

பொருளீட்டுக் கடனின் வரம்பு, வட்டி, இருப்புக் காலம் ஆகியவை அவ்வப்போது மாறுவதால், நடப்பு விவரங்களை அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடம் கேட்டறியலாம். உழவர் சந்தை அட்டைக்கு அச்சந்தையின் நிர்வாக அலுவலரை அணுகவும். அடங்கல், புகைப்படம், குடும்ப அட்டை நகல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லவும்.